விஸ்காயா: ஒரு மாளிகையும் அதைக் கட்டியவர்களும்

மயாமியில் இருக்கும் விஸ்காயா மாளிகைக்குள் நுழைவதற்கு முன் இரண்டு கற்சிலைகள் கண்ணில் படும். ஒருவர் போன்ஸ் டி லியோன். 1513-இல் கப்பலில் வந்து இறங்கி, அந்தப் பிரதேசத்துக்கு ப்ளோரிடா என்று பெயர் வைத்த ஸ்பானியர். பள்ளிக்கூடப் பாடத்தில் வருகிற ஆள். இன்னொருவர் பெயர் பெல் விஸ்காயா. இவரை எந்தச் சரித்திரப் புத்தகத்திலும் தேட வேண்டாம். அப்படி ஒருவர் பிறக்கவே இல்லை. ஜேம்ஸ் டீரிங் என்ற பணக்காரர் தன் புது வீட்டுக்கு ஒரு பூர்வகதை வேண்டும் என்று ஆசைப்பட்டு, கற்பனையாக உண்டாக்கிக்கொண்ட கடலோடி அவர். இல்லாத மனிதருக்குக் கல்லில் சிலையும் வடித்து வாசலில் நிறுத்திவிட்டார்.

நானும் மனைவியும் மகள் வீட்டுக்கு ப்ளோரிடா போயிருந்தபோது பார்த்த இடங்களில், திரும்பி வந்த பிறகும் மனதை விட்டுப் போகாதது இந்த வீடுதான். அதன் அழகு ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், வீட்டுக்காரருடைய பணம் வந்த வழி. வங்கியில் விவசாயக் கடன் பிரிவில் பல வருஷம் உட்கார்ந்திருந்தவன் நான். டிராக்டர் கடன் கேட்டு வருகிறவர்கள் அந்தக் காலத்தில் "இன்டர்நேஷனல் வண்டி" என்று ஒன்றைச் சொல்வார்கள். 1963-இல் மகிந்திரா நிறுவனம் அமெரிக்காவின் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து இங்கே டிராக்டர் செய்ய ஆரம்பித்தது. பி-275 என்ற மாடலின் பெயரை எத்தனை விண்ணப்பத்தில் எழுதியிருப்பேன் என்று கணக்கே இல்லை. அந்த ஹார்வெஸ்டர் கம்பெனியின் பணத்தில் எழும்பிய வீடுதான் விஸ்காயா. இது தெரிந்ததும் எனக்கு அந்த வீட்டின் மேல் ஒரு தனி உரிமையே வந்துவிட்டது.

ஜேம்ஸ் டீரிங்கின் அப்பா வில்லியம் டீரிங். சிகாகோவில் அறுவடை இயந்திரம் செய்தவர். அந்தக் காலத்து இயந்திரத்தைக் குதிரைகள் இழுத்துக்கொண்டு போகும். அது கோதுமையை அறுக்கும், அறுத்ததைக் கட்டாகவும் கட்டிப் போடும். முதலில் கம்பியால் கட்டினார்கள். கம்பித் துண்டுகள் வைக்கோலோடு கலந்து மாடுகளின் வயிற்றுக்குள் போயின. மாவு மில்லிலும் தொல்லை. விவசாயிகள் கம்பியை வெறுத்தார்கள். வில்லியம் டீரிங் கயிற்றால் முடிச்சுப் போடும் இயந்திரத்தில் துணிந்து முதலீடு செய்தார். அங்கேதான் அவருடைய அதிர்ஷ்டம் திறந்தது. எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் ஆள் வைத்து அறுத்து, கட்டுக் கட்டி, களத்துக்குத் தலைச்சுமையாகக் கொண்டுபோன காலத்தில், அங்கே அந்த வேலை முழுவதையும் ஓர் இயந்திரமும் நாலைந்து குதிரைகளும் பார்த்துவிட்டன.

சிகாகோவில் இன்னொரு பெரிய அறுவடை இயந்திரக் கம்பெனி இருந்தது. மெக்கார்மிக். 1886 மே 3-ஆம் தேதி, எட்டு மணி நேர வேலை கேட்டு நாடெங்கும் வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்த நேரத்தில், அந்தத் தொழிற்சாலையின் வாசலில் போலீஸ் சுட்டதில் தொழிலாளர்கள் செத்துப்போனார்கள். அதைக் கண்டித்து மறுநாள் ஹேமார்க்கெட் சதுக்கத்தில் கூடிய கூட்டத்தில்தான் குண்டு வெடித்தது. மே தினத்தின் கதை அங்கிருந்து வருகிறது. நம் சிங்காரவேலர் 1923-இல் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடினார் என்று படித்திருப்பீர்கள். அதன் வேர் மெக்கார்மிக் தொழிற்சாலை வாசலில் இருக்கிறது. 1902-இல் மெக்கார்மிக்கும் டீரிங்கும் இன்னும் மூன்று சிறு கம்பெனிகளும் ஒன்றாக இணைந்தன. இணைத்து வைத்தது ஜே. பி. மார்கனின் வங்கி. அதற்குப் பெயர்தான் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர். அமெரிக்காவின் அறுவடை இயந்திர வியாபாரத்தில் ஏறக்குறைய 85 சதவீதம் ஒரே கையில் வந்தது. ஜேம்ஸ் டீரிங் அதற்குத் துணைத் தலைவர்.

கட்டுகிற கயிறு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மெக்ஸிகோவில் யுகத்தான் என்று ஒரு தீபகற்பம். அங்கே ஹெனிகென் என்ற ஒருவகைக் கற்றாழை விளைகிறது. நம் ஊரில் தண்டவாளத்து ஓரம் நட்டிருப்பார்களே ரயில் கற்றாழை, அதன் இனம். அந்த நாரில்தான் கயிறு திரித்தார்கள். தோட்டங்களில் வேலை செய்தவர்கள் மாயா இனத்து மக்கள். தோட்டக்காரரிடம் பட்ட கடன் தீரும்வரை அவர்கள் வெளியே போக முடியாது. கடன் தீரவே தீராது. நம் பக்கத்துப் பண்ணையாள் முறை தெரிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 1902-லேயே இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர், யுகத்தானின் பெரிய ஏற்றுமதி வியாபாரியும் அரசியல்வாதியுமான ஒலெகாரியோ மோலினாவோடு இரகசிய ஒப்பந்தம் போட்டு நாரின் விலையைக் கீழே இறக்கியது. இந்த விவரங்களை நான் ஊருக்குத் திரும்பிய பிறகுதான் தேடிப் படித்தேன். தெரியாமல் போய்ப் பார்த்ததும் ஒருவகையில் நல்லதுதான். வீட்டின் அழகை முழுதாக ரசிக்க முடிந்தது.

ஜேம்ஸ் டீரிங் 1909-இல் கம்பெனி வேலையிலிருந்து விலகிவிட்டார். வயது 50. கல்யாணம் ஆகவில்லை. உடம்பில் கடுமையான ரத்தசோகை. குளிர் ஆகாது. பிஸ்கேன் விரிகுடாவின் கரையில் 180 ஏக்கர் சேர்த்து, 1914-இல் வீடு கட்டத் தொடங்கினார். அப்போது மயாமி ஊர் என்று சொல்லவே கொஞ்சம் தயங்க வேண்டும். 1910 கணக்கெடுப்பில் மொத்தம் 5,471 பேர். கரையில் அலையாத்திச் செடிகள், அதற்குப் பின்னால் அடர்ந்த காடு. அந்தக் காட்டை வெட்டக் கூடாது என்று டீரிங் பிடிவாதமாகச் சொன்னாராம். இந்த ஒரு விஷயத்தில் மனிதரை மெச்சத்தான் வேண்டும். இன்றும் வாசலிலிருந்து வீட்டுக்கு நடக்கும் பாதை அந்தக் காட்டுக்குள்தான் போகிறது. கோடை வெயிலில் அந்த நிழல் பெரிய புண்ணியம்.

வீட்டுக்கு யோசனை சொன்னவர் பால் சால்ஃபின் என்ற நியூயார்க் ஓவியர். கட்டடத்தை வரைந்தவர் பர்ரல் ஹாஃப்மன். இத்தாலியில் ஒரு பிரபுக் குடும்பம் நானூறு வருஷமாக வாழ்ந்த வீடு போலத் தோன்ற வேண்டும், ஒவ்வொரு தலைமுறையும் தன் காலத்துச் சாமான்களைச் சேர்த்துக்கொண்டே வந்தது போல இருக்க வேண்டும் என்பது திட்டம். டீரிங்கும் சால்ஃபினும் ஐரோப்பா முழுக்கச் சுற்றி, பழைய மாளிகைகளின் கதவு, கூரை, கணப்பு, சுவர்ப் பலகை என்று பெயர்த்து விற்றதையெல்லாம் வாங்கிக் கப்பலில் அனுப்பினார்கள். வாங்கிய சாமானுக்குத் தகுந்தபடி அறைகளை அமைத்தார்கள். கூரை ஓடுகள் கியூபாவிலிருந்து, பழைய வீடுகளின் மேலிருந்து இறக்கியவை. நம் செட்டிநாட்டு வீடுகளில் பர்மா தேக்கும் இத்தாலிப் பளிங்கும் வந்தது போலத்தான். ஆனால் செட்டியார்கள் யாரும் வீட்டுக்கு வயதைக் கூட்டிச் சொன்னதில்லை.

பழசு போலக் காட்டினார்களே தவிர, வசதியில் ஒரு குறையும் வைக்கவில்லை. 1916-லேயே மின்சாரம், லிப்ட், தொலைபேசி எல்லாம் இருந்தன. தொலைபேசியை அலங்காரப் பலகைக்குப் பின்னால் ஒளித்து வைத்தார்கள். நீச்சல் குளம் பாதி வெயிலில், பாதி வீட்டுக்கு அடியில். அடியில் இருக்கும் பகுதியின் கூரையில் மீனும் சிப்பியுமாகக் கடலடியைச் சித்திரித்திருக்கிறார்கள். பெரிய கூடத்தில் இசைக்கருவியின் குழாய்களை மறைக்க, மாதாவின் பழைய ஓவியம் ஒன்றை நடுவில் வெட்டி இரண்டு கதவாக மாட்டிவிட்டார்கள். அதைப் பார்த்தபோது எனக்குச் சங்கடமாக இருந்தது. ஏதோ ஒரு கோயிலில் ஜனங்கள் மண்டியிட்டு வணங்கிய படமாக இருக்கும்.

என் மனைவிக்கு இதிலெல்லாம் அக்கறை இல்லை.

"என்னங்க, இவ்வளவு பெரிய வீட்ல எத்தனை பேரு இருந்தாங்க?"

"வீட்டுக்காரர் ஒருத்தர்தான். விருந்தாளிங்க வருவாங்க. மத்தபடி வேலைக்காரங்க."

"ஒருத்தருக்கா? சமையல்கட்டு எங்க இருக்கு?"

சமையலறை மாடியில் இருக்கிறது. சமைக்கிற வாசனை கூடத்துக்கு வரக் கூடாது என்று மேலே வைத்துவிட்டார்கள். பலகாரம் கீழே இறங்க ஒரு சின்ன லிப்ட். பெரிய இரும்பு அடுப்பைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இந்த ஊர் வெயில்ல மாடியில நின்னு சமைச்சவங்களை யாராவது கேட்டாங்களா?" என்றாள். அந்த வீட்டைப் பற்றி அன்றைக்கு நான் கேட்ட கேள்விகளில் இதுதான் சரியான கேள்வி.

1916 கிறிஸ்துமஸ் நாளில் டீரிங் குடி வந்தார். வீடு முடிந்துவிட்டது, தோட்டம் முடியவில்லை. அதற்குள் அமெரிக்காவும் முதல் உலகப் போரில் இறங்கியதால் ஆள் கிடைக்காமல் தோட்டவேலை 1922 வரை இழுத்தது. தோட்டத்தை வரைந்தவர் டியேகோ சுவாரெஸ். கொலம்பியாவில் பிறந்து இத்தாலியின் ப்ளாரன்ஸ் நகரத்தில் படித்தவர். 1914-இல் அமெரிக்கா வந்த இடத்தில் போர் மூண்டுவிட, திரும்ப முடியாமல் தங்கிவிட்டார். இடத்தைப் பார்க்காமலேயே இத்தாலியப் பாணியில் ஒரு தோட்டம் வரைந்து வைத்திருந்தார். பிறகு மயாமிக்கு வந்து, கட்டிக்கொண்டிருந்த வீட்டின் தெற்குத் திண்ணையில் ஒரு நண்பகலில் போய் நின்றார். எதிரே இருந்த ஏரித் தண்ணீரில் வெயில் பட்டு எகிறிய ஒளியில் கண்ணைத் திறக்க முடியவில்லை. வரைந்ததெல்லாம் வீண் என்று புரிந்துவிட்டது. புதிதாக வரைந்தார். தோட்டத்தின் கோடியில் ஒரு செய்குன்று எழுப்பி, அதன் மேல் மரங்களை வளர்த்து, உச்சியில் ஒரு சின்ன மண்டபமும் வைத்து அந்த ஒளியை மறைத்தார். வீட்டிலிருந்து பாதைகள் விசிறி போல விரிந்து குன்றை நோக்கிப் போகின்றன.

இத்தாலிச் செடிகள் இந்த உப்புக்காற்றிலும் புழுக்கத்திலும் தாங்காது. அதனால் உருவம் இத்தாலி, செடிகொடி வெப்பமண்டலம். படி, கைப்பிடிச் சுவர், தூண் எல்லாம் சுண்ணாம்புக்கல். அந்தக் கல் நுரை போலத் துளை விழுந்தது. மழையும் உப்பும் பட்டு நூறு வருஷத்திலேயே நானூறு வருஷத்துத் தோற்றம் வந்துவிட்டது. டீரிங் காசு கொடுத்து வாங்கப் பார்த்த பழமையைக் கடல் இனாமாகக் கொடுத்துவிட்டது. குன்றின் நிழலில் உட்கார்ந்து பார்த்தால், தொழில் தெரிந்த மனிதர் செய்த வேலை என்று தோட்டக்கலை தெரியாதவனுக்கும் தெரியும். அந்த மாளிகையில் எனக்கு முழு மனதோடு மரியாதை வந்தது சுவாரெஸ் மேல்தான்.

சரி, கல்லை வெட்டியது யார்? சுவர் வைத்தது யார்? வேலை மும்முரமாக நடந்தபோது ஆயிரம் பேருக்கு மேல் இங்கே உழைத்தார்கள் என்கிறார்கள். அன்றைய மயாமியின் ஜனத்தொகையில் அது பத்தில் ஒரு பங்கு. ஐரோப்பாவிலிருந்து வந்த கைத்தேர்ந்த கொத்தர்களும் தச்சர்களும் அதில் உண்டு. காட்டைச் சீர் செய்து, பாறையை உடைத்து, வாய்க்கால் வெட்டி, பாரம் சுமந்த வேலையில் பெரும்பகுதி பஹாமா தீவுகளிலிருந்து வந்த கறுப்பின மக்களுடையது. 1900-க்கும் 1920-க்கும் இடையில் பத்துப் பன்னிரண்டாயிரம் பேர் பஹாமாவிலிருந்து ப்ளோரிடா போனார்கள். அந்தத் தீவுகளின் மக்களில் இது ஐந்தில் ஒரு பங்கு. நம்மவர்கள் இலங்கைக்கும் மலேயாவுக்கும் கப்பல் ஏறிய கதையின் இன்னொரு பதிப்பு என்று வைத்துக்கொள்ளலாம். பஹாமா நிலமும் ப்ளோரிடா நிலமும் ஒரே சுண்ணாம்புப் பாறை. அந்தக் கல்லின் சுபாவம் அவர்களுக்குப் பிறவியிலேயே தெரியும்.

1917-இல் ஜான் சிங்கர் சார்ஜென்ட் ப்ளோரிடா வந்தார். பெரிய ஓவியர். ராக்ஃபெல்லரின் உருவப்படம் வரைய வந்தவர், டீரிங்கின் அண்ணன் சார்லஸ் தம் பழைய நண்பர் என்பதால் மயாமிக்கும் வந்து விஸ்காயாவில் நாள்கணக்கில் உட்கார்ந்து நீர்வண்ண ஓவியங்கள் வரைந்தார். திண்ணை, தூண், படகுத்துறை எல்லாம் வரைந்தார். டீரிங்கின் முகத்தையும் வரைந்தார். அதோடு, வேலையாட்களான கறுப்பின இளைஞர்கள் கடலோரம் குளித்துக்கொண்டும் மணலில் படுத்துக்கொண்டும் இருப்பதையும் வரைந்தார். அந்தப் படங்கள் இன்று அமெரிக்காவின் பெரிய அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. இணையத்தில் பார்க்கலாம். தண்ணீரும் வெயிலும் அந்தத் தோல்மீது விழும் விதம் அற்புதம். டீரிங் படத்துக்குத் தலைப்பில் டீரிங் என்று இருக்கிறது. இந்தப் படங்களின் தலைப்பு 'குளிப்பவர்கள்', 'குளிப்பவர், ப்ளோரிடா' என்பதோடு நின்றுவிடுகிறது. இல்லாத பெல் விஸ்காயாவுக்குப் பெயர் இருக்கும்போது இவர்களுக்கு ஏன் இல்லை என்று எனக்குக் கோபமே வந்தது. ஓவியர் மேல் தப்பில்லை. அந்தக் காலத்தில் அவர்கள் பெயரைக் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியிருக்காது.

இவ்வளவு செய்த டீரிங் அந்த வீட்டில் இருந்தது எவ்வளவு நாள் தெரியுமா? குளிர்காலத்தில் சில மாதங்கள் மட்டும், மொத்தம் ஒன்பது குளிர்காலம். 1925 செப்டம்பரில் ஐரோப்பாவிலிருந்து திரும்பும் கப்பலிலேயே இறந்துபோனார். சரியாக ஒரு வருஷத்தில், 1926 செப்டம்பரில், மயாமியைப் புரட்டிப்போட்ட பெரும்புயல் வீட்டுக்குள் கடலைக் கொண்டுவந்து தோட்டத்தை நாசமாக்கியது. சொத்து அண்ணன் மகள்களுக்குப் போனது. அவர்களால் அதைப் பராமரிக்க முடியவில்லை. தெற்கே வாய்க்காலும் சிறு தீவுகளும் பாலங்களுமாக இருந்த தோட்டப் பகுதியைக் கத்தோலிக்க மறைமாவட்டத்துக்கு விற்றார்கள். அங்கே இப்போது ஆஸ்பத்திரி. 1952-இல் வீட்டையும் மீதித் தோட்டத்தையும் உள்ளூர் அரசு பத்து லட்சம் டாலருக்கு வாங்கியது. பொதுவில் இருக்க வேண்டும் என்று சொல்லிச் சாமான்களைக் குடும்பத்தார் இலவசமாகக் கொடுத்தார்கள். மறுவருஷம் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். 1987-இல் ஜனாதிபதி ரீகனும் போப் இரண்டாம் ஜான் பாலும் சந்தித்தது இங்கேதான்.

வீட்டின் கிழக்கு முகப்பு கடலைப் பார்த்தது. படிக்கட்டு நேராகத் தண்ணீரில் இறங்குகிறது. எதிரே கல்லால் ஆன ஒரு தோணி, அலைத்தடுப்பாக நிற்கிறது. அதன் மேல் உள்ள கடல்தேவதைச் சிலைகளைச் செய்தவர் ஸ்டிர்லிங் கால்டர். முகங்கள் பாதிக்கு மேல் கரைந்துவிட்டன. 2017-இல் இர்மா புயலில் கீழ்த்தளத்துச் சிற்றுண்டிக் கடைவரை கடல்நீர் புகுந்தது. புயல் இல்லாத மாதங்களிலும் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி மயாமித் தெருக்களில் கடல் ஏறுகிறது. கடல் ஏற ஏறச் செலவும் ஏறிக்கொண்டுதான் இருக்கும்.

நாங்கள் போனது ஒரு சனிக்கிழமை. தோட்டத்தில் எங்கு திரும்பினாலும் குடைபோல விரிந்த பாவாடையில் இளம்பெண்கள். ஒருத்தி ரோஜா நிறம், ஒருத்தி நீலம். தலையில் கிரீடம். பின்னால் புகைப்படக்காரர், பாவாடையைத் தூக்கிப் பிடிக்க ஓர் அத்தையோ சித்தியோ. கியூபா முதலான ஸ்பானிய மொழிக் குடும்பங்களில் பெண்ணுக்குப் பதினைந்து வயது நிறைந்தால் பெரிய விழாவாம். அதற்குப் படம் பிடிக்க விஸ்காயாதான் ராசியான இடம். "நம்ம மஞ்சள் நீராட்டு மாதிரி போல இருக்கு" என்றாள் மனைவி. ஒரு பாட்டி நாற்காலி கிடைக்காமல் சுண்ணாம்புக்கல் படியிலேயே உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். டீரிங் கட்டிய படிக்கட்டுக்கு இதைவிட நல்ல உபயோகம் என்னால் யோசிக்க முடியவில்லை.

சாலைக்கு எதிர்ப்புறம் இந்த மாளிகையின் பண்ணை இருந்த இடம் இருக்கிறது. மாட்டுக் கொட்டில், கோழிப்பண்ணை, தச்சுப் பட்டறை எல்லாம் அங்கேதான் இருந்தன. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் காய்கறிச் சந்தை கூடுகிறது என்றார்கள். வேலை செய்தவர்களின் பக்கத்தையும் சொல்ல அருங்காட்சியகத்தார் இப்போது முயற்சி எடுக்கிறார்கள். நல்ல விஷயம்.

திரும்பும்போது மாப்பிள்ளையிடம் சார்லஸ் அவென்யூ வழியாகப் போகச் சொன்னேன். கோக்கனட் குரோவ் பகுதியில் பஹாமா மக்கள் குடியேறிய பழைய தெரு. அவர்களில் ஒருவரான ஸ்டிரப் என்பவர் கையில் காசு சேர்ந்ததும் நிலம் வாங்கி, நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள் கட்டி, தன் மக்கள் சொந்த வீட்டில் இருக்க வழி செய்தார். பலகை வீடுகள், முன்னால் ஒரு சின்னத் திண்ணை. அவற்றில் மிச்சம் கொஞ்சம்தான். இடையிடையே வெள்ளைப் பெட்டி போலப் புதிய மூன்று மாடி வீடுகள் முளைத்துவிட்டன. தெருவுக்குப் பக்கத்தில் அவர்களுடைய கல்லறைத் தோட்டம். ஸ்டிரப்பின் மனைவி பெயர் வைத்தது. பஹாமா வழக்கப்படி கல்லறைகள் தரைக்கு மேலே, பெட்டி பெட்டியாகச் சுண்ணாம்பு பூசி நிற்கின்றன. மாப்பிள்ளை வண்டியை ஓரம் கட்டினார். நாங்கள் வேலிக்கு வெளியே நின்று, எட்டிய தூரத்தில் இருந்த பெயர்களைப் படித்தோம். சில பெயர்கள் தெளிவாக இருந்தன, சிலவற்றில் பாதி எழுத்துதான் இருந்தது. இவர்களில் யார் கல்தோணிக்குக் கல் சுமந்தவர், யார் மாடியில் அடுப்படியில் நின்றவர் என்று அந்தக் கற்களில் எழுதியிருக்கவில்லை. மனைவி கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, எழுத்துக் கூட்டி ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தாள்.